இடிக்கும் முன் குடியிருப்போரைக் கணக்கெடுங்கள்

நகர மறுசீரமைப்புத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். குடியேறிகள் கூடி வாழும் பேட்டைகளைப் புதுப்பிக்கப்போவதாகச் சொல்லி நீங்கள் காட்டும் வரைபடங்களில் அலங்கார வளைவு இருக்கிறது, பண்பாட்டுச் சதுக்கம் இருக்கிறது. இப்போது அங்கே குடியிருப்பவர்கள் கட்டுமான வேலை முடிந்ததும் என்ன வாடகைக்குத் திரும்பி வருவார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் சீனர்கள் கூடி வாழ்ந்த சைனாடவுன் பேட்டையில் 1986இல் பிரம்மாண்டமான வளைவு கட்டினார்கள். 1997இல் பக்கத்திலேயே விளையாட்டரங்கம் திறந்தது. முன்பே மெல்ல நடந்துகொண்டிருந்த சீனக் குடும்பங்களின் வெளியேற்றம், வாடகை ஏறியதும் வேகம் பிடித்தது. அங்குள்ள சங்கிலித்தொடர் கடைகளின் பெயர்ப் பலகைகளில் இன்றும் சீன எழுத்து உண்டு, வடிவமைப்பு விதி அப்படி. அதைப் படிக்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நேஷனல் ஹோட்டல் கதை இதைவிடக் கொடுமை. பிலிப்பினோ, சீன முதியவர்கள் சின்னச் சின்ன அறைகளில் வாழ்ந்த கட்டடம் அது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. கட்டடத்தை இடித்தார்கள். மனை வெகுகாலம் சும்மாவே கிடந்தது. அதே இடத்தில் முதியோருக்கான 104 வீடுகள் திறந்தது 2005இல். இடையில் 28 ஆண்டுகள்! வெளியேற்றப்பட்டபோதே வயதானவர்கள் அவர்கள். பெரும்பாலோர் அந்தப் புது வீடுகளைப் பார்க்கவே இல்லை.

அதே நகரத்தின் சைனாடவுனில் 1980களில் வேறு மாதிரி முடிவெடுத்தார்கள். கட்டட உயரத்துக்கு வரம்பு வைத்தார்கள், குடியிருப்பு அறைகளை வேறு தேவைக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்தினார்கள். எளிய வருமானமுள்ள முதியவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஆக, மனம் இருந்தால் வழி இருக்கிறது.

ஒழுகும் கூரையையும் அவசர வழியில்லாத மாடிகளையும் பாரம்பரியம் என்று பாதுகாக்கச் சொல்லவில்லை. தாராளமாகப் பழுது பாருங்கள், தேவையென்றால் புதிதாகவே கட்டுங்கள். ஆனால் இந்தப் பேட்டைகள் எப்படி இயங்குகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மொழி தெரியாமல், சம்பளச் சீட்டோ முன் வாடகைச் சான்றோ இல்லாமல் வந்து இறங்குபவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஓர் அறை கிடைக்கிறது. ஒப்பந்தம் வாய்வார்த்தைதான். ஒரே அறையை நான்கு பேர் பகிர்வார்கள், ரசீது ஒருவர் பெயரில் இருக்கும், அதுவும் இருந்தால். அப்புறம் இழப்பீடு என்று வரும்போது உங்கள் படிவம் கேட்பது பதிவு செய்த ஒப்பந்தத்தை. நான்கு பேரில் மூவர் அங்கே வாழவே இல்லை என்று ஆகிவிடுகிறது.

அதனால் இடிக்க அனுமதி தரும் முன் கதவு கதவாகப் போய்க் கணக்கெடுங்கள். மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிப் பதிவு, அண்டை வீட்டாரின் சாட்சி எல்லாவற்றையும் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அறிவிப்பை அவர்கள் மொழியில் கொடுங்கள். கடைக்காரர்களுக்கு மாற்றிடம் நடந்து போகும் தூரத்தில் வேண்டும். இரண்டு வருடம் தள்ளிப் போட்டால் வாடிக்கையாளர் கலைந்துவிடுவார்கள், பிறகு கடையைத் திரும்பக் கொடுத்தும் பயனில்லை. திரும்பி வரும் உரிமையும், அன்றைய வாடகை எவ்வளவு வரை ஏறலாம் என்பதும் கட்டுநரின் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்து இல்லாத கோப்பில் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடியேறி