மேல்காடும் கீழ்காடும்

மாப்ளே,

நீ எழுதி மூணு மாசம் ஆச்சு. பதில் போடாததுக்குச் சாக்கு ஒண்ணும் கிடையாது, சோம்பேறித்தனம்தான். மதினிகிட்டச் சொல்லி ரெண்டு திட்டு திட்டச் சொல்லு. இங்க எல்லாரும் சுகம். அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு, மறுபடியும் சீட்டுக்கட்டோட உட்கார்ந்துட்டார். அந்த நாப்பது ரூபாயை இன்னும் மறக்கலை.

இப்ப அவசரமா எழுத வச்சது நீ அனுப்பின உரக்கடைச் சீட்டுதான். ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்), ஒரு மூட்டை பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்). மேல்காட்டுச் செவலுக்கும் (செம்மண்) கீழ்காட்டுக் கரிசலுக்கும் (கறுப்பு மண்) ஒரே கணக்கு. கூடவே வேண்டாத ஒரு பாட்டிலையும் தலையில கட்டியிருக்கான். ஏலே, கெமிஸ்ட்ரி லேப்ல கண்ணை மூடிக்கிட்டு ஊத்துனியே, அந்தப் பழக்கம் இன்னும் போகலையா? பணம் கட்டலைன்னா அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடு.

கோவில்பட்டிச் சீமை மாதிரி இடத்துல, மழையை மட்டும் நம்புற மானாவாரிச் சோளம், கம்புக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 40 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) பூஜ்யம். ஏக்கருக்கு 16, 8, 0. ரெண்டு மூட்டை டிஏபி 100 கிலோ. அதில் மணிச்சத்து மட்டும் 46 கிலோ. தேவைப்படுறதைப் போல ஆறு மடங்கு கிட்ட. தழைச்சத்து 18 கிலோதான். கரிசல்ல சாம்பல்சத்து பெரும்பாலும் தாராளமா இருக்கும். மண்பரிசோதனை அட்டையில் ஹெக்டேருக்கு 280 கிலோவுக்கு மேல காட்டினா அது 'அதிகம்'. அங்க பொட்டாஷ் போடுறது கிணத்துல உப்பைக் கொட்டுற மாதிரி. செவல்ல 118க்குக் கீழ இருந்தா மட்டும் கொஞ்சம் போடு.

டிஏபியை விட்டுட்டு சூப்பர் பாஸ்பேட் வாங்கு. 50 கிலோ மூட்டையில மணிச்சத்து 16 சதவீதம், அதாவது சரியா 8 கிலோ. ஒரு ஏக்கர், ஒரு மூட்டை. உனக்கும் கணக்குப் புரியும். 11 சதவீதம் கந்தகம் வேற இனாம். டிஏபியில அது கிடையாது, செவலுக்கு அது ரொம்ப வேண்டியது. தழைச்சத்துக்கு ஏக்கருக்கு 35 கிலோ யூரியா. இப்ப மூட்டை 45 கிலோ, பழைய 50 நினைப்புல முக்கால் மூட்டைன்னு அள்ளிப் போட்டுடாதே, நிறுத்துப் போடு.

ரெண்டு காட்டுக்கும் அளவு ஏறக்குறைய ஒண்ணுதான். போடுற நேரமும் ஆழமும்தான் வேற. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பேப்பர்.

கீழ்காட்டு மண்ணை ஒரு பிடி எடுத்து நனைச்சு உருட்டிப் பாரு, ரிப்பன் மாதிரி நீளும். களி அதிகம். தண்ணியையும் சத்தையும் பிடிச்சு வச்சுக்கும். ஆனா சுண்ணாம்பு மண், கார அமிலத்தன்மை (pH) 8க்கு மேல. கொஞ்சம் வினிகர் விட்டா நுரைக்கும். இந்த மண்ணுல யூரியாவை மேலாகத் தூவினா, ஈரத்துல அது அம்மோனியாவா மாறி ஆவியாகிப் போயிடும். மணிச்சத்தைத் தூவினா சுண்ணாம்போட சேர்ந்து கட்டிப்போகும், வேர் எடுக்க முடியாது. அதனால கரிசலுக்கு எல்லாத்தையும் விதைப்பிலேயே, சீட் டிரில்ல (விதைக்கிற கருவி), விதைக்குப் பக்கத்துல ரெண்டு அங்குலம் தள்ளி, அதுக்கும் கொஞ்சம் கீழே இறக்கிடணும். விதைக்குழாயிலேயே உரத்தையும் கலந்து விடாதே. யூரியா விதையை ஒட்டி விழுந்தா முளைப்பு கருகிடும். பிறகு மழை பொய்த்துச்சுன்னு புலம்புவே.

பயிர் வளர்ந்த பிறகு போடுற மேலுரம் ஏன் வேண்டாம்னு கேப்பே. கரிசல்ல மேல்மண் சீக்கிரம் காயும், வேர் அடிமண் ஈரத்துல நிக்கும். காஞ்ச மேல்மண்ணுல கிடக்குற உரம் வேருக்கு எட்டாது. ஒரே விதிவிலக்கு: ஐப்பசியில் அடைமழை பெய்து, ஓடை ஓரத்துல மூணு நாள் தண்ணி கட்டினா அங்க தழைச்சத்து வாயுவாப் போயிடும். தண்ணி வடிஞ்ச பிறகு பயிர் வெளுத்துக் கிடக்குற அந்தத் துண்டுக்கு மட்டும், ஏக்கருக்கு 10 கிலோ கணக்குல, யூரியாவைக் கொத்திவிட்டுக் கொடு.

மேல்காடு நேர்மாறு. உருட்டினா உதிரும். ஓட்டைச் சட்டி மாதிரி, தண்ணியும் சத்தும் நிக்காது. முழு யூரியாவையும் முதல்லயே போட்டா ஒரு கனமழைக்கு வேருக்குக் கீழே இறங்கிடும். 12 கிலோ விதைப்போட, மிச்சம் 23 கிலோ 25-30 நாளில், களை எடுத்த பிறகு, மண்ணுல ஈரம் இருக்கும்போது வரிசைக்குப் பக்கத்துல போட்டு மண் அணை. ஈரம் இல்லையா? போடாதே. மூட்டையை நல்லாக் கட்டி, பலகை மேல கொட்டகையில வை. போடாத உரத்துக்கு நஷ்டம் இல்லை.

இது கிண்டல் இல்லை, மாப்ளே. குத்தகைப் பணத்தை வட்டிக்கு வாங்கியிருக்கேன்னு எழுதியிருக்கே. மானாவாரியில் நிறைய தழைச்சத்து போட்டா பயிர் முதல்ல பச்சைப்பசேல்னு தழைச்சு, மண்ணுல சேர்ந்த ஈரத்தையெல்லாம் இலைக்கே குடிச்சுடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்துல மண் வறண்டு, தட்டை மிஞ்சும், மணி சுருங்கும். தை மாசம் தட்டையைக் கொண்டு போயி வட்டி கட்ட முடியாது. அதனால கடப்பாறையை எடுத்துக் கீழ்காட்டுல நாலு இடத்துல குத்து. ரெண்டு அடிக்குள்ள சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டினா, அந்தப் பக்கம் ஈரம் அதிகம் தங்காது. யூரியாவைப் பாதியாக் குறைச்சுடு. நாலடி மண் இருந்தா முழு அளவு.

இப்ப ஆவணி. புரட்டாசிக் கடைசியில விதைக்கணும்னா ஒரு வேலையை இந்த வாரமே ஆரம்பி. ஏக்கருக்கு 300 கிலோ நல்லா மக்கின தொழு உரம், அதோட அந்த ஒரு மூட்டை சூப்பர். கலந்து, பிடிச்சா உருண்டை நிக்கிற அளவுக்குத் தண்ணி தெளிச்சு, நிழல்ல குவிச்சு, சேறு பூசி மூடு. ஒரு மாசம் காத்துப் படக்கூடாது. மணிச்சத்து எருவோட சேர்ந்திருந்தா சுண்ணாம்புகிட்ட சீக்கிரம் மாட்டாது. உழுத சாலில் இதைப் போட்டுட்டு விதைச்சா தனியா சூப்பர் வேண்டாம். யூரியாவை மட்டும் அந்தக் குவியல்ல கலக்காதே. கலந்தா அம்மோனியாவாப் போயிடும், மூக்குல ஏறுற அந்த நெடி உன் காசு.

கரிசல்ல துத்தநாகம் குறைவாகவே இருக்கும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோட கலந்து, உழவில் தனியாப் போடு. சூப்பரோட கலந்தா ரெண்டுமே கெடும். பிறகு இலையைப் பாரு: கீழ் இலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியா மஞ்சளானா தழைச்சத்து பத்தலை, புது இலையில நரம்பு பச்சையா, இடையில வெளுப்பா வந்தா இரும்புச்சத்து பத்தலை, அது சுண்ணாம்பு மண்ணோட வேலை. அதுக்கு யூரியா கொட்டினா ஒண்ணும் ஆகாது.

மண்பரிசோதனைக்கு ரெண்டு காட்டையும் தனித்தனியா எடு. எருக்குழி, வரப்பு, மர நிழல் பக்கம் போகாதே. பத்துப் பதினைஞ்சு இடத்துல மேல்சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, ஓரத்துல சீவி எடு. கலந்து நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளு. அரைக் கிலோ மிஞ்சும்வரை இதேதான். நிழல்ல உலர்த்து. பைக்கு வெளியே மட்டும் எழுதாதே, உள்ளே ஒரு சீட்டும் போடு. பென்சில்ல எழுது, பேனா மை ஈரத்துல ஓடிரும். போன தடவை எது மேல்காடு, எது கீழ்காடுன்னு எனக்கே தெரியலை.

உன்,
கணக்கன்