கூரை போனால் சுவரும் போய்விடும்

அன்புள்ள சோமு,

இங்கே நலம். அப்பச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று உன் தம்பி எழுதியிருந்தான். இனி இருட்டில் கிணற்றடிக்குப் போகக் கூடாது என்று நான் சொன்னதாக அவரிடம் சொல். மற்ற விசாரிப்புகள் அடுத்த கடிதத்தில். சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் இங்கே சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து மலைக் கிராமங்களில் காரில் சுற்றிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரே நினைப்பாக இருக்கிறேன். அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். ஏனென்று போகப் போக உனக்கே புரியும்.

என்னோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தம் பாட்டியைப் பார்க்கப் போகும்போது என்னையும் அழைத்தார். சர்வதேச ஓட்டுநர் உரிமம் சீனாவில் செல்லாது என்பதால், எனக்கு ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் வாய்த்தது. சியாமென் நகரை விட்டு ஜாங்ஜோ சமவெளிக்கு வந்ததும் இருபுறமும் வாழைத் தோட்டங்கள். தார்களுக்கு உறை மாட்டி வைத்திருந்தார்கள். அதன் பின் சாலை சுரங்கம் சுரங்கமாக மலைக்குள் புகுந்தது. நான்ஜிங் மாவட்டத்தில் விரைவுச் சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் ஊர்கள் கண்ணில் பட்டன. (பழைய தலைநகரான நான்ஜிங் வேறு, வரைபடத்தை விரித்துக்கொண்டு என்னோடு வாதத்துக்கு வராதே.) தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் இளவயதினர் ஒருவரையும் நான் காணவில்லை.

அந்த வட்டாரத்து மண்கோட்டை வீடுகளைத் துலோ என்கிறார்கள். தியான்லுவோகெங் என்னும் ஊரில் மலைமேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சதுர வீடும், அதைச் சுற்றி மூன்று வட்ட வீடுகளும் ஒரு நீள்வட்ட வீடும் தெரிகின்றன. சதுர வீட்டை 1796இல் கட்டினார்களாம். 1936இல் கொள்ளையர் அதற்குத் தீ வைத்துவிட, 1953இல் ஊரார் கூடி மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். நீள்வட்ட வீடு 1966இல்தான் கட்டப்பட்டது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை. மண், சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றைக் கலந்து, இடையிடையே மூங்கில் பட்டைகளைப் பரப்பி, மரச்சட்டத்துக்குள் கொட்டி இடித்து இடித்து உயர்த்திய சுவர்கள் அவை. அடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தடிமன் உள்ளவையும் உண்டு. கீழ்த்தளத்தில் சமையல், அதற்கு மேல் நெற்களஞ்சியம், அதற்கும் மேல் படுக்கையறைகள். இதில் முக்கியமான செய்தி என்னவென்றால், ஒரு குடும்பத்தின் பங்கு தளவாரியாக அன்று, கீழிருந்து உச்சிவரை ஒரே செங்குத்துத் துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அண்டை வட்டாரமான யோங்டிங்கில் நாங்கள் பார்த்த செங்சி லோ, 1709இல் முடிந்த வீடு, வட்டத்துக்குள் வட்டமாக நான்கு வளையங்களும் ஏறக்குறைய 400 அறைகளும் கொண்டது. முன்பு எண்பது குடும்பங்கள் வரை அங்கே வாழ்ந்திருக்கின்றன.

பாட்டியின் வீடு அப்படிப் பெயர்பெற்றதன்று; நுழைவுச்சீட்டும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. வாசலைத் தாண்டியதும் முற்றத்தில் தட்டுகளில் மூங்கில் குருத்து காய்ந்துகொண்டிருந்தது. வளையத்தில் முக்கால்வாசிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. புத்தாண்டுக்கு ஒட்டிய சிவப்புத்தாள் சில கதவுகளில் புதிதாகவும், சிலவற்றில் வெளுத்தும், சிலவற்றில் கிழிந்த தடமாகவும் இருந்ததைக் கொண்டே யார் எப்போது கடைசியாக வந்தார்கள் என்று கண்டுகொள்ளலாம். பாட்டி சின்னஞ்சிறு கிண்ணங்களில் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு எங்களை மூன்றாம் தளத்துக்கு அழைத்துச் சென்று, பக்கத்துப் பங்கில் ஓடு சரிந்த இடத்தைக் காட்டினார். அந்தக் குடும்பம் நகரத்துக்குப் போய் வெகுகாலமாகிறது. அங்கிருந்து இறங்கிய மழைநீர் சுவரில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. அதன் ஓரத்து மண்ணைத் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. இப்போது பாட்டியின் அறைச்சுவரிலும் ஈரம் ஏறத் தொடங்கிவிட்டது. புயற்காலத்துக்கு முன் ஓடு மாற்றச் சொல்லிப் பேரனிடம் மன்றாடினார். பிறர் பங்கின் மேல் கை வைக்க உரிமையில்லையே என்று பேரன் தலைகுனிந்து நின்றார்.

இடித்து இறுக்கிய மண்சுவர் நிலநடுக்கத்தைத் தாங்கும், தீயையும் தாங்கும்; தலையில் நனைந்தால் மட்டும் தாங்காது. அதனால்தான் அவ்வளவு அகலமான இறவாரம் வைத்திருக்கிறார்கள். வட்டத்தில் ஒரு துண்டு கவனிப்பாரற்றுப் போனால் அடுத்த துண்டும் பிழைக்காது. யுனெஸ்கோ 2008இல் 46 வீடுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மற்றவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தீயில் போனதை 1953இல் கூடி மீட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நாலு ஓடு மாற்ற ஒன்றுகூட முடியவில்லை என்பது எனக்குப் பெரும் துயரமாக இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பிழைப்பு நகரத்தில் இருக்கிறது.

சோமு, வெளியூர் போய்ச் சம்பாதித்து ஊரில் வீட்டை நிறுத்திய கதை அவர்களுக்கும் உண்டு. டைகர் பாம் தைலத்தால் பெயர்பெற்ற ஆவ் பூன் ஹாவின் தந்தை, இந்த யோங்டிங் பகுதியிலிருந்து ரங்கூனுக்குப் போய் மருந்துக்கடை வைத்த ஹக்கா இனத்தவர். உன் ஐயா கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனதும் அதே ரங்கூன்தான். அங்கிருந்து வந்த தேக்குத் தூண்கள் நிற்கும் உங்கள் வளவு வீட்டில், போன வருடம் இரண்டாம் கட்டில் ஓடு இறங்கியிருந்ததை நானே பார்த்தேன். பங்காளிகள் எல்லோரும் ஒப்பாமல் ஒரு செங்கல்லும் நகராது என்று நீ சலித்துக்கொண்டாய். பாட்டியின் சுவரைத் தொட்டபோது உன் அந்தச் சலிப்புத்தான் என் நெஞ்சில் உறுத்தியது.

ஐப்பசி அடைமழைக்கு முன் அந்த ஓடுகளை மாற்றிவிடு. கொத்தனாரை அழைத்துக் கணக்குப் போட்டு எனக்கு அனுப்பு. பினாங்கில் இருக்கும் பங்காளியின் தொலைபேசி எண்ணையும் எழுது. நீ பேசினால் பழைய கல்யாணச் சண்டையில்தான் போய் முடியும், நான் பேசுகிறேன்.

அன்புடன்,
ராஜாராம்