பொறிவண்டின் பிள்ளைகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். நீ கேட்கிற ஆளா? அதனால்தான் எழுதுகிறேன்.

பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பூச்சி பார்க்கிறேன். சிரிக்காதே, இது ஒரு பாவத்தில் ஆரம்பித்தது. தொட்டிச் செடியின் குருத்தில் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி, அப்பிக் கிடந்தது. பக்கத்திலேயே கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை மாதிரி நாலைந்து ஊர்ந்துகொண்டிருந்தன. இவைதான் செடியைத் தின்கின்றன என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் நசுக்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவை பொறிவண்டின் புழுக்கள். அசுவினியைத் தின்னத்தான் வந்திருந்தன! பத்தே நாளில் செடி முழுக்க அசுவினி. பெண் அசுவினி ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். அது விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் வேறு காவல் நின்றன.

சிவப்புச் சட்டை போட்ட வண்டு என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். பிள்ளையைத்தான் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. வண்டு, ஈ, குளவி, பட்டாம்பூச்சி எல்லாவற்றுக்கும் நான்கு பருவம்: முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி. இதில் கூட்டுப்புழு என்ற சொல்லோடு எனக்குச் சின்னச் சண்டை. பட்டுப்புழு கூடு கட்டுகிறது, சரி. பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை கட்டுவதே இல்லை. கடைசித் தோலை உரித்ததும் தெரிகிற கெட்டி உறையோடு அப்படியே தொங்கும். பொறிவண்டோ பின்பக்கத்தை இலையில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும்.

வெட்டுக்கிளி, கரப்பான், தும்பிக்கு இந்த நடுக்கட்டமே கிடையாது. குஞ்சு தோலுரித்துத் தோலுரித்தே பெரிதாகும். தும்பிக் குஞ்சு தண்ணீருக்குள் இருந்துகொண்டு கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும்.

சின்ன வயதில் மணலில் ஊதி ஊதி எடுப்போமே, குழியானை, அதுவும் புழுதான் தெரியுமா? வளர்ந்ததும் தும்பி மாதிரி நான்கு கண்ணாடிச் சிறகோடு பறக்கும். இத்தனை வயதுக்கு அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது எதைப் பார்த்தாலும் முதலில் கால் எண்ணுகிறேன். பூச்சி என்றால் தலை, மார்பு, வயிறு என்று உடல் மூன்று பகுதி. ஆறு காலும் சிறகும் மார்பில்தான் இருக்கும். எட்டுக்கால் பூச்சி பெயரிலேயே மாட்டிக்கொண்டது, அது பூச்சி இனமே இல்லை. கம்பளிப்பூச்சிதான் என்னைக் குழப்பியது. முன்னால் இருக்கும் மூன்று ஜோடிதான் நிஜக் கால். பின்னால் சதையாக இருப்பவை போலிக்கால், சிறகு முளைக்கும்போது காணாமல் போய்விடும். பூச்சிகள் மூச்சு விடுவது மூக்கால் அல்ல, உடலின் பக்கவாட்டுத் துளைகளால். வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றில்!

நேற்று இலையின் அடியில், அசுவினிக்குப் பக்கத்திலேயே, மஞ்சள் முட்டைகள் கொத்தாக நின்றன. பொறிவண்டு திரும்ப வந்திருக்கிறது. இந்த முறை எறும்புகளை மட்டும்தான் விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்