பிடித்த வாயு எங்கே போகிறது?

ஐயா,

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து நிலத்தடியில் அடைத்துவிட்டால், நிலக்கரியைக் கவலையின்றி எரிக்கலாம் என்ற பேச்சு வலுத்துவருகிறது. அப்படிப் பேசுவோர் கனடாவின் பவுண்டரி டாம் நிலக்கரி மின் நிலையத்தை முதலில் பார்க்க வேண்டும். 2014 அக்டோபரில் அங்கே ஒரே ஓர் அலகில் இந்த ஏற்பாடு தொடங்கியது. செலவு 100 கோடி கனடிய டாலருக்கும் மேல். ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிப்போம் என்றார்கள். பழுதுகளால் பல ஆண்டுகளில் அந்த அளவை எட்டவில்லை. வாயுவைப் பிரிக்கவும் அழுத்தவும் நிலையத்தின் ஆற்றலே கணிசமாகச் செலவாகிறது. இதைவிட என்னை உறுத்துவது வேறு. பிடித்த வாயுவில் பெரும்பகுதி, பழைய எண்ணெய் வயல்களுக்குள் செலுத்தி மேலும் எண்ணெய் எடுப்பதற்காக விற்கப்படுகிறது. அந்த எண்ணெய் எரிந்து எழும் புகை யார் கணக்கில் சேரும்?

நிலத்தடிச் சேமிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. நார்வே 1996 முதல் வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில், கடலடிப் பாறை அடுக்கில் இதைச் செய்துவருகிறது. ஆனால் அது இயற்கை எரிவாயுவைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் வாயு. அனல்மின் புகையிலிருந்து பிரிப்பது அதைவிடக் கடினம். சிமென்ட் ஆலைகளுக்கோ கரியமில வாயுவைக் குறைக்க மாற்று வழி குறைவு. அரசுப் பணத்தை அங்கே செலவிடட்டும்; மின்சாரத்துக்குச் சூரியனும் காற்றும் இருக்கின்றன.

- ஒரு வாசகர், ஈரோடு