விரல் மரத்துப்போகும் முன்பே

அன்புள்ள பாப்பா,

சிநேகிதிகளோடு பனிக்காட்டுக்குள் போய்த் தங்கிவரத் தேதி குறித்துவிட்டதாக எழுதியிருந்தாய். "போக வேண்டாம்னு எழுதுங்க" என்கிறாள் உன் அம்மா. எழுதினாலும் நீ கேட்கப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதனால் பனிமலையில் வேலை பார்த்த காலத்தில் நான் கற்றுக்கொண்டதில் ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். வழி தவறியோ, யாருக்காவது கால் பிசகியோ, கூடாரத்துக்குத் திரும்ப முடியாமல் இருட்டும் நேரத்தில் காட்டிலேயே மாட்டிக்கொண்டால் தீ மூட்டுவது எப்படி?

நெருப்பு மூட்டுவது தீப்பெட்டி இல்லை, விரல்கள். அதை மறந்துவிடாதே. குளிர் ஏறும்போது உடம்பு இதயத்தையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஜிப்பை இழுக்கத் தடுமாறுவாய், ஆனால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்றுதான் மனசு சொல்லும். உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே போய்விட்டால் கையோடு சேர்ந்து புத்தியும் மந்தமாகும். அதற்கு மேல் நீ எடுக்கும் முடிவை நம்ப முடியாது. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார். தொட முடியவில்லை என்றால் ஏற்கெனவே தாமதம். "இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாமே" என்று யாராவது ஆரம்பிக்கும் நேரம் இருக்கிறதே, அப்போதே வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடு. ஒரு மணி நேரம்கூட இல்லையென்றால் நின்றுவிடுங்கள். எனக்குத் தெரிந்து பனிக்காட்டில் அந்த "இன்னும் கொஞ்ச தூரம்" என்பதைவிட ஆபத்தான பேச்சு கிடையாது.

நின்றதும் நெருப்புக்குப் பறக்காதே. முதலில் காற்று அடிக்காத இடமாக ஒதுங்குங்கள். வியர்வையில் நனைந்த உள்சட்டையை மாற்றிக்கொள். முதுகுப்பை, கயிறு, பசுங்கிளைகள் என்று எது கிடைத்தாலும் அடியில் போட்டு அதன்மேல் உட்கார். வெறும் பனியில் உட்கார்ந்தால், முன்னால் எவ்வளவு பெரிய நெருப்பு எரிந்தாலும் அடிப்பக்கம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காயம்பட்டவளுக்குத்தான் முதல் இடம். அவளால் அசைந்து சூடேற்றிக்கொள்ள முடியாது.

இனி விறகு. பலரும் தோற்பது பற்றவைப்பதில் என்று நினைப்பார்கள். இல்லை, விறகு பொறுக்குவதில்தான். தரையில் கிடப்பது பனியில் ஊறியிருக்கும், அதைத் தொடாதே. அண்ணாந்து பார். பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரங்களில் அடித்தண்டை ஒட்டி, வெளிச்சம் படாமல் காய்ந்துபோன கிளைகள் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். மேலே படர்ந்த இலைகள் அவற்றைப் பனியிலிருந்து ஓரளவு காத்திருக்கும். நுனியில் தீக்குச்சி கனத்துக்குச் சுள்ளிகள் கிடைக்கும். அவைதான் உனக்குத் தங்கம்.

"பட்டென்று ஒடிந்தால் காய்ந்தது" என்பார்கள். கடுங்குளிரில் அதை நம்பாதே. உள்ளே இருக்கும் ஈரம் உறைந்துவிட்டால் பச்சைக் கிளையும் பட்டென்றுதான் ஒடியும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார். பச்சை தெரிந்தால் போட்டுவிடு. ஒட்டியிருக்கும் பனியையும் தட்டாமல் அடுக்காதே. ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இன்னும் 420 வாக்கில். ஆவியாக்கி விரட்ட 2,260. இத்தனையையும் உன் சின்ன நெருப்பு தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். குச்சியைத் தொடையில் இரண்டு தட்டு தட்டினால் பெரும்பாலும் மிச்சம்.

வெண்மையாகத் தாள் தாளாக உரியும் பிர்ச் மரம் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். அதன் பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு, நனைந்திருந்தாலும் கரும்புகையோடு எரியும். பட்டுப்போன பைன் மரத்தின் அடிக்கட்டையிலும், கிளை தண்டோடு சேரும் இடத்திலும் பிசின் ஊறிய கட்டை கிடைக்கும். பழுப்பாக, கனமாக, டர்பன்டைன் வாசனையோடு இருக்கும். அதைச் சீவினால் மழையிலும் பிடிக்கும். இரண்டும் இல்லையா? பட்டுப்போய் நிற்கும் மரத்தில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டையை எடுத்துப் பிள. வெளியே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். அதைக் கத்தியால் மெல்லிசாக, சுருள் சுருளாகச் சீவு.

தீக்குச்சி கனம், பென்சில் கனம், கட்டைவிரல் கனம், மணிக்கட்டுக் கனம் என்று தனித்தனியாகக் குவித்து வை. போதும் என்று தோன்றும்போது அதைப்போல் இன்னும் நாலைந்து மடங்கு சேருங்கள். இருட்டில் விறகு தேடிப் போவது இன்னொரு விபத்துக்கு வழி. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தால் இந்த வேலையே கொஞ்சம் சூடு தரும், ஆனால் வியர்க்கும் அளவுக்கு வேண்டாம்.

பனி சுமந்து நிற்கும் கிளைக்கு அடியில் நெருப்பு போடாதே. சூடு மேலே ஏறியதும் மொத்தமும் சரிந்து நெருப்பின் தலையில் விழும். பனி ஆழமில்லை என்றால் தரை தெரியும்வரை தோண்டு. ஆழம் என்றால் பனியை மிதித்து இறுக்கி, பச்சைக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி அதன்மேல் மூட்டு. நேரே பனிமேல் வைத்தால் அது தானே உருக்கிய குழிக்குள் இறங்கி அணைந்துவிடும்.

லைட்டர் ஒன்றை நம்பிப் போகாதே. அதற்குள் இருக்கும் பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில். அதற்குக் கீழே குளிர்ந்தால் திரவமாகவே கிடக்கும், தட்டித் தட்டிப் பொறி மட்டும்தான் வரும். முதுகுப்பையில் போடாமல் உள்சட்டைப் பையில் வைத்தால் உடம்புச் சூட்டில் வேலை செய்யும். கூடவே தண்ணீர் புகாத டப்பாவில் தீக்குச்சிகளும், கத்தியால் உரசினால் பொறி பறக்கும் ஃபெரோ கம்பி ஒன்றும் வேண்டும். ஃபெரோ கம்பிக்கு ஈரமும் குளிரும் பொருட்டில்லை. பொறி 3,000 டிகிரிக்குப் பக்கம் வரும். ஆனால் அந்தப் பொறி குச்சியில் பற்றாது, பஞ்சு மாதிரி ஏதாவது வேண்டும். வாசலின் தடவிப் பிசைந்த பஞ்சு உருண்டைகளை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போ. லேசாகப் பிரித்துவிட்டுப் பொறி வை, சில நிமிடம் நின்று எரியும். கத்தியை முன்னே தள்ளாமல் கம்பியைப் பின்னால் இழு, அப்போதுதான் அடுக்கிய சுள்ளியைக் கலைக்க மாட்டாய். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காற்று வரும் பக்கத்திலிருந்து பற்றவை. அடுப்பு எரிபொருளை ஊற்றிப் பார்க்கலாமே என்று ஒருத்தி சொல்வாள், விடாதே. கொளுத்தும்போது குப்பென்று முகத்துக்கு வரும். அந்தக் குளிரில் அது கையில் கொட்டினாலே தோல் உறைந்து புண்ணாகும்.

பிடித்த பிறகு அவசரப்பட்டுப் பெரிய கட்டையைப் போட்டு அமுக்கிவிடாதே. சுள்ளி சடசடக்க ஆரம்பித்ததும் பென்சில் கனம், அது நன்றாகப் பிடித்ததும் அடுத்தது. முதுகுக்குப் பின்னால் பாறையோ, பனியைக் குவித்த சுவரோ இருந்தால் நல்லது. செயற்கை இழை ஜாக்கெட்டில் பொறி பட்டால் ஓட்டை விழும், கொஞ்சம் தள்ளியே உட்கார். குளிருக்குப் பயந்து நெருப்பைக் கூடாரத்துக்குள்ளோ பனிக்குகைக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

பனியை அப்படியே தின்னாதீர்கள், உருக்கிக் குடியுங்கள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போட்டால் தீயாது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவள் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் அது தேறியதற்கு அடையாளம் இல்லை, உள்வெப்பம் இன்னும் இறங்கிவிட்டது என்று அர்த்தம். "சூடாயிருக்கு" என்று உடையைக் கழற்றப் போனாலும் அதே கதைதான், தடுத்து நிறுத்து.

மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே இதெல்லாம் உதவாது, அங்கே விறகே இல்லை. உங்கள் பாதை அங்கே ஏறுகிறது என்றால் ஸ்லீப்பிங் பேக்கையும் மேலே போர்த்தும் உறையையும் கூடாரத்திலேயே விட்டுவிட்டு ஏறாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு மழை நாளாகப் பார்த்து வெளியே போய், தடித்த கையுறையோடு ஒரு முறை மூட்டிப் பார். அப்புறம் இடது கையால் மட்டும். புது ஃபெரோ கம்பியில் கறுப்புப் பூச்சு இருக்கும், அதை முதலிலேயே சுரண்டிவிடு. எந்தப் பாதையில் போகிறீர்கள், எந்த நேரத்துக்குத் திரும்புவீர்கள், அந்த நேரம் தாண்டினால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் எழுதி அனுப்பு. அந்த எண்ணை அம்மாவிடமும் கொடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா