இலுலிசாட் பனிவெளியில் கை கொடுத்த பெரியவருக்கு

கடந்த மார்ச் மாதம் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகருக்கு வெளியே, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் நாங்கள் சென்றபோது எதிரே வந்து எனக்கு உதவிய பெரியவருக்கு இந்த நன்றியை எழுதுகிறேன். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்துவிட்டது இன்றும் உறுத்துகிறது.

அங்கே நாய்களை இணை இணையாகப் பூட்டாமல், ஒவ்வொன்றையும் தனிக் கயிற்றில் விசிறிபோல் விரித்துக் கட்டுகிறார்கள். ஓடும்போது அவை ஓயாமல் இடம் மாறுவதால் கயிறுகள் சடைபோல் முறுக்கிக்கொள்கின்றன. பனி இறுகிய அந்தச் சிக்கலைப் பிரிக்கப் பெரும்பாலும் வெறுங்கைதான் வேண்டும். வண்டியோட்டிக்கு உதவ எண்ணிக் கையுறைகளைக் கழற்றினேன். ஒன்றைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. சிறிது நேரத்தில் வலக்கை விரல் நுனிகள் மெழுகாக வெளுத்து மரத்துப்போயின.

விரல்களைப் பரபரவெனத் தேய்க்கப்போன என்னைத் தடுத்து, தம் மேலங்கியைத் திறந்து, என் கையைத் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டு, விரல்களில் சுள்ளென்று வலி திரும்பும்வரை அந்தப் பெரியவர் அசையாமல் நின்றார். குளிரில் உறையும் தோலைத் தேய்த்தால் திசுக்கள் சேதமடையும் என்பதும், உடற்சூடே ஏற்ற முதலுதவி என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அவருடைய நாய்களோ ஓடத் துடித்து ஊளையிட்டுக்கொண்டிருந்தன. புறப்படுமுன் தம்மிடமிருந்த சீல் தோல் கையுறை ஒன்றை என் கையில் மாட்டிவிட்டார்.

ஐயா, அந்தக் கையுறை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் ஐந்து விரல்களும் நலம்.