பார்சர் நிரலகத்துக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தரவையும் நிரலையும் ஒரே மர வடிவில், வரிகளின் உள்தள்ளலைக் (தொடக்கத்தில் விடும் இடைவெளியை) கொண்டே எழுத உதவும் மொழிக்காக நான் எழுதிவந்த, எழுதியதைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்தறியும் பார்சர் நிரலகத்தின் முதல் முழுப் பதிப்பு இந்த வாரம் வெளியாகியிருக்கிறது. நிரலும் தரவும் ஒரே வடிவில் இருக்கலாம் என்பதை 1958இல் தொடங்கிய லிஸ்ப் என்ற நிரல்மொழி காட்டியது. உள்தள்ளலால் தரவை எழுதும் வழக்கம் 2001இல் முன்மொழியப்பட்ட யாமல் என்ற தரவு வடிவத்தால் பரவியது. இவ்விரண்டின் வசதியும் தமிழில் பெயரிட்டு எழுதுபவர்களுக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அது நிறைவேறத் துணைநின்றவர்களுள் மூவர் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றின் கணக்கர் ஐயா, காப்பி அறுவடைக் கணக்கை இம்மொழியில் எழுதிவந்தார். மொத்த எடை குறைவாக வருகிறது என்று அவர் சொன்னபோது, கூட்டலில்தான் பிழை என்று எண்ணி நான் இரண்டு நாள் தேடினேன். அவரோ தம் கோப்பை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் அஸ்தம்பட்டிக்கே வந்து கொடுத்தார். அதில் ‘கொட்டை’ என்ற சொல் இரு விதமாகப் பதிவாகியிருந்தது: ஒரு கணினி ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், மற்றொன்று ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமித்திருந்தன. கண்ணுக்கு ஒன்றான சொல்லை நிரலகம் இரண்டு பெயர்களாகக் கொண்டு, பாதி எடையைக் கூட்டாமல் விட்டிருக்கிறது. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோட் தரம் இவ்விரு வடிவங்களையும் சமமானவை என்றே வரையறுப்பதால், இப்போது பெயர்கள் அனைத்தும், இப்படிச் சமமானவற்றை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றப்பட்ட பிறகே ஒப்பிடப்படுகின்றன. மேற்கோளுக்குள் இருக்கும் உரையைத் தொடுவதில்லை. அது எழுதியவருக்கு உரியது.

சேலத்துக் கல்லூரி மாணவி ஒருவர், பிழையைச் சுட்டும் அம்புக்குறி தவறான இடத்தில் நிற்பதைக் கண்டுபிடித்தார். ‘சேலம்’ என்பது நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். நிரலகம் பைட்டுகளை எண்ணியதால் அம்பு 12 இடம் தள்ளிப் போயிருந்தது. எழுத்துகளை எண்ணும் பகுதியை அவரே எழுதித் தந்தார். க்ஷ, ஸ்ரீ ஆகியவை இன்னும் இரண்டாகவே எண்ணப்படுகின்றன. அடுத்த பதிப்பில் அதையும் சரிசெய்வோம்.

அம்மாபேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா, பிழைச் செய்திகளை வரிவரியாகத் திருத்தினார். ‘செல்லாத உள்தள்ளல்’ என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘14ஆம் வரி 3 இடம் உள்ளே தள்ளியிருக்கிறது, மேல்வரியோடு சேர வேண்டுமானால் 2 இடம் போதும்’ என்று எழுதினார். படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

கணக்கர் ஐயாவின் இசைவோடு, எடைகளை மட்டும் மாற்றி, அவருடைய கோப்பைச் சோதனைத் தொகுப்பில் முதலாவதாக வைத்திருக்கிறேன். இனி எந்தத் திருத்தமானாலும் அதைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும்.

நன்றியுடன்,
நிரலகத்தை எழுதியவன்,
சேலம்.